தொட்டிலில் பிள்ளை இருக்கிறது

அசுர காந்தப்புலமுள்ள நியூட்ரான் விண்மீன், அதாவது மேக்னெட்டார், என்று ஒன்று வானத்தில் கிடையாது, அது வானியலாளர்கள் தம் அறியாமையை மறைத்துக்கொள்ளச் சூட்டிய பெயர் என்று வாதாடும் கட்டுரையை இருமுறை படித்தேன். முதல்முறை, இயற்பியல் படிக்கும் என் மாணவி ஒருத்தி அதைக் கொண்டுவந்து, "இதுக்குப் பதில் இருக்கா சார்?" என்று கேட்டபோது. இரண்டாம்முறை, அன்றிரவு பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து. முதல்முறை வருத்தம் வந்தது. இரண்டாம்முறை கோபம் வந்தது. பிழையான ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே அதைத் திருத்தும் உண்மை கிடக்கிறது. கட்டுரையாளர் குனிந்து எடுக்கவில்லை.

வாதத்தின் நடுத்தூண் இது: இந்த விண்மீன்களின் அசுர காந்தப்புலம் எப்படி உண்டாகிறது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. தாய் விண்மீனிடமிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். பிறந்த பிறகு தானே உண்டாக்கிக்கொண்டது என்கிறார்கள் வேறு சிலர். பிறப்பைச் சொல்லத் தெரியாதவர்கள் இருப்பை மட்டும் எப்படிச் சொல்வார்கள்? ஆகவே மேக்னெட்டார் இல்லை. இந்தத் தூணைச் சுற்றி வேறு சில பந்தக்கால்களையும் நட்டிருக்கிறார். காந்தப்புலத்தை யாரும் அளக்கவில்லை என்பது ஒன்று. வெளியிலிருந்து பொருள் வந்து விழுந்தாலே இவ்வளவு ஒளியும் கிடைத்துவிடும் என்பது இன்னொன்று. குறைந்த காந்தப்புலமுள்ள மேக்னெட்டாரே கண்டுபிடிக்கப்பட்டதால் கொள்கை செத்துவிட்டது என்பது மூன்றாவது. ஆழிப்பேரலையையும் சந்திரசேகரையும்கூட விட்டுவைக்கவில்லை.

சுகப்பிரசவமா, ஆயுதம் போட்டு எடுத்ததா என்று இரண்டு மருத்துவச்சிகள் திண்ணையில் உட்கார்ந்து விடிய விடிய வழக்காடலாம். அந்த வழக்கு தீரவில்லை என்பதால் தொட்டிலில் பிள்ளை இல்லை என்று ஆகாது. இந்தப் பிள்ளை அழுததை நம் பூமியே கேட்டிருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன். கட்டுரையாளர் அந்த அழுகையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

1979 மார்ச் 5. வெள்ளிக் கோளுக்குக் கருவிகளை இறக்கிவிட்டு விண்வெளியில் போய்க்கொண்டிருந்த சோவியத் விண்கலங்கள் வெனேரா 11, வெனேரா 12 இரண்டையும் ஒரு காமா கதிர் அலை தாக்கியது. உணரிகள் எண்ண முடியாமல் திணறின. அதே அலை ஹீலியோஸ் 2, பயனியர் வீனஸ், பூமியைச் சுற்றிய வேலா செயற்கைக்கோள்கள் ஆகியவற்றையும் கடந்து சென்றது. ஒவ்வொரு கலத்தையும் அது எந்தக் கணத்தில் தொட்டது என்ற வேறுபாட்டை வைத்துத் திசையைக் கணித்தார்கள். கோடு போய் நின்ற இடம் பெரிய மெகல்லன் மேகம். அங்கே என்49 என்ற சூப்பர்நோவா எச்சம், அதாவது வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சம். ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுத் தொலைவு. முதல் வெடிப்பு 0.2 நொடிக்குள் அடங்கிவிட்டது. அதன் பின்னால் மூன்று நிமிடத்துக்கு ஒரு வால் நீண்டது. அந்த வால் 8 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. லெனின்கிராடின் யோஃபே நிறுவனத்தில் எவ்கேனி மாசெட்ஸ் குழுவினர் பதிவுசெய்த அந்த ஏற்ற இறக்கம், சுழலும் ஒரு பொருளின் கையெழுத்து. சூப்பர்நோவா எச்சத்துக்குள் சீராகச் சுழலும் சிறிய, அடர்ந்த பொருள் என்றால் அது நியூட்ரான் விண்மீன்தான்.

வெளியிலிருந்து வாயு விழுந்து சூடாகி ஒளிர்கிறது, அதுவே போதும் என்கிறார் கட்டுரையாளர். போதாது. விழும் பொருளால் கிடைக்கும் ஒளிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால், வெளியேறும் ஒளியின் அழுத்தமே உள்ளே விழும் வாயுவைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். விறகை அணைக்காத அளவுக்குத்தான் அடுப்பை ஊத முடியும். நியூட்ரான் விண்மீனுக்கு அந்த வரம்பு நொடிக்குச் சுமார் 2-ஐ அடுத்து 38 சுழி போட்ட எர்க். 1979 வெடிப்பின் வால் மட்டுமே அந்த வரம்பைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு ஒளிர்ந்தது. மூன்று நிமிடம் ஒளிர்ந்தது. விழும் வாயுவால் இது நடக்காது. காந்தப்புலம் மிகமிக வலுவாக இருந்தால் மட்டும் ஒரு வழி திறக்கிறது. அத்தகைய புலத்தில் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிக்கும் திறனை இழக்கின்றன. எனவே ஒளி தடையின்றி வெளியேறுகிறது, வரம்பும் உயர்ந்துவிடுகிறது. 1992-இல் போதான் பச்சின்ஸ்கி இதைத்தான் கணக்கிட்டுக் காட்டினார்.

அந்த உச்சவரம்புக்கு எடிங்டன் வரம்பு என்று பெயர். இந்தப் பெயரைக் கட்டுரையாளர் நன்றாக அறிவார், ஏனென்றால் தம் கட்டுரையை எடிங்டன் கதையோடுதான் முடிக்கிறார். சந்திரசேகரை வானியலாளர் எடிங்டன் அவமதித்தாராம், அதுபோல் இன்றைய நிறுவன அறிவியல் தம்மைப் போன்ற கேள்வியாளர்களை அவமதிக்கிறதாம். இந்த ஒப்பீட்டைப் படித்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கப்பலேறிய அந்த இளைஞர், கடல் பயணத்திலேயே வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அதோடு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் மாதக்கணக்கில் கைக்கணக்குப் பொறியைச் சுழற்றி, தோராயங்களை நீக்கி, முழுச் சமன்பாட்டையும் எண்ணெண்ணாகத் தீர்த்துக்கொண்டுதான் 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தின் முன் எழுந்து நின்றார். எடிங்டன் எதிர்த்தது உண்மை. அந்த எதிர்ப்பு தவறு என்பதும் உண்மை. ஆனால் சந்திரசேகர் வென்றது அவமதிக்கப்பட்டதால் அல்ல, அவருடைய கணக்கு சரியாக இருந்ததால். நம் கட்டுரையாளரின் கட்டுரையில் ஒரு கணக்குகூட இல்லை. ஒரு சமன்பாடு இல்லை, ஓர் அளவீட்டை எடுத்துச் சரிபார்த்த தடம் இல்லை. காயத்தை மட்டும் சந்திரசேகரிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டு உழைப்பை அவரிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இனி, அளக்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு.

1996 நவம்பரில் எஸ்ஜிஆர் 1806-20 என்ற பொருளை எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஒன்று பார்த்தது. தனுசுத் திசையில் அவ்வப்போது காமா கதிரைக் கக்கும் பொருள் அது. 7.47 நொடிக்கு ஒருமுறை சுழல்கிறது என்று தெரிந்தது. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அந்தச் சுழற்சி ஆண்டுக்கு 2.6 மில்லிநொடி வீதம் மந்தமாகி வருவதும் தெரிந்தது. கிரிஸ்ஸா கூவெலியாட்டூ குழு 1998-இல் இதை வெளியிட்டது. சுழலும் காந்தம் ஆற்றலை இழக்கிறது, இழப்பதால் மந்தமாகிறது. எவ்வளவு வேகமாக மந்தமாகிறதோ அவ்வளவு வலிய காந்தம். கணக்கில் வந்தது 800 லட்சம் கோடி காஸ். நம் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் புலம் அரை காஸ். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தினுடையது 15,000 காஸ். சாதாரணப் பல்சாருக்கு, அதாவது சீராகத் துடிக்கும் மற்ற நியூட்ரான் விண்மீனுக்கு, சுமார் 1 லட்சம் கோடி காஸ்.

இது வெறும் சூத்திரம் என்கிறார் கட்டுரையாளர். ஆம், சூத்திரம்தான். நண்டு நெபுலாவின் நடுவில் இருக்கும் பல்சாருக்கும் இதே அடிப்படைதான். அங்கே சுழற்சி மந்தமாவதால் இழக்கப்படும் ஆற்றலும் நெபுலா முழுவதும் ஒளிர்வதற்கு வேண்டிய ஆற்றலும் ஒத்துப்போகின்றன. சூத்திரம் தேர்வெழுதித் தேறியது அங்கே. மேக்னெட்டாரில் அது இரண்டு மூன்று மடங்கு பிசகலாம். விண்மீனிலிருந்து வீசும் துகள்காற்றும் சுழற்சியைத் தடுக்கும் என்பதால் அந்தப் பிசகுக்கு இடமுண்டு. ஆயிரம் மடங்கு பிசகாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எஸ்ஜிஆர் 1806-20 சுழற்சியில் இழக்கும் ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிடலாம். அது எக்ஸ் கதிராக வெளிவிடும் ஆற்றல் எவ்வளவு என்று அளக்கலாம். செலவு வரவைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. மாதச் சம்பளம் பத்தாயிரம் வாங்குகிறவர் மாதந்தோறும் ஒரு லட்சம் செலவழித்தால் வீட்டில் வேறு ஏதோ சேமிப்பு இருக்கிறது என்று பொருள். பக்கத்தில் துணை விண்மீன் இருந்து பொருளைக் கொட்டுகிறதா? துணை இருந்தால் சுழற்சித் துடிப்புகள் முன்னும் பின்னும் தள்ளாடும். மேக்னெட்டார்களின் துடிப்பில் அத்தகைய தள்ளாட்டம் காணப்படவில்லை. மிஞ்சும் சேமிப்பு காந்தப்புலம் ஒன்றுதான்.

விழும் பொருளுக்காக வாதாடியவர்களை நான் ஏளனம் செய்யவில்லை. 1990-களில் நேர்மையான ஆய்வாளர்கள் பலர் அதை முன்வைத்தார்கள். சூப்பர்நோவா வெடிப்புக்குப் பின் திரும்பி விழுந்த மிச்சப்பொருள் வட்டாக நியூட்ரான் விண்மீனைச் சுற்றலாம் என்றார்கள். அது சோதிக்கத்தக்க கருத்து. சோதித்தார்கள். 2006-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி 4யூ 0142+61 என்ற மேக்னெட்டாரைச் சுற்றி அப்படி ஒரு வட்டின் அகச்சிவப்பு ஒளியைக் கண்டது. ஆனால் அந்த வட்டு விண்மீனுக்குத் தீனி போடவில்லை, விண்மீனின் எக்ஸ் கதிரில் குளிர்காய்ந்துகொண்டு சும்மா இருக்கிறது. வட்டு இருக்கிறது, அது இயந்திரம் இல்லை. கட்டுரையாளர் இந்தக் கண்டுபிடிப்பின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை வாசகரிடமிருந்து மறைத்துவிட்டார். இது அறியாமையால் நேர்ந்தது என்று என்னால் எண்ண முடியவில்லை. ஒரே ஆய்வின் இரண்டு பாதிகள் அவை.

அதே 4யூ 0142+61-ஐ 2022-இல் இக்ஸ்பி விண்கலம் வேறு விதமாகப் பார்த்தது. எக்ஸ் கதிர் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அது அளக்கிறது. குறைந்த ஆற்றல் கதிர்களில் சுமார் 15 விழுக்காடு முனைவாக்கம், மிகுந்த ஆற்றல் கதிர்களில் சுமார் 35 விழுக்காடு. இரண்டுக்கும் நடுவே அதிரும் திசை சரியாக 90 பாகை திரும்புகிறது. வலிய காந்தப்புலத்தில் ஒளி இரண்டு வகையாகப் பிரிந்து செல்லும். மேற்பரப்பிலிருந்து ஒருவகையும், மேலே துகள்களால் சிதறி மறுவகையும் வந்தால் இப்படி ஒரு செங்கோணத் திருப்பம் வரும். சுழற்சியைப் பற்றிய சூத்திரம் இந்த அளவீட்டின் எந்த மூலையிலும் இல்லை. நம் நாட்டின் எக்ஸ்போசாட் 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதும் இதே வகை அளவீட்டுக்காகத்தான். அதன் பாலிக்ஸ் கருவியைக் கட்டியது பெங்களூரின் இராமன் ஆய்வு நிறுவனம்.

மூன்றாவது பந்தக்கால் எஸ்ஜிஆர் 0418+5729. மேக்னெட்டார்போல் வெடித்தது. ஆனால் சுழற்சிக் கணக்கில் அதன் புலம் வெறும் 6 லட்சம் கோடி காஸ், சாதாரணப் பல்சாரின் அளவு. புலம் பல்சார் அளவுதான் என்று நந்தா ரெயா குழு 2010-இல் வெளியிட்டபோது துறையே திகைத்தது. கட்டுரையாளர் இங்கே வெற்றி முழக்கமிட்டு நிறுத்திக்கொள்கிறார். கதை அங்கே நிற்கவில்லை. சுழற்சியைத் தடுப்பது வெளியே வெகுதூரம் விரியும் இருமுனைப் புலம் மட்டும். மேற்பரப்புக்கு அருகே சுருண்டு கிடக்கும் புலம் அந்தக் கணக்கில் சிக்காது. 2013-இல் ஆந்திரேயா தியெங்கோவும் உடன் ஆய்வாளர்களும் அதே விண்மீனின் எக்ஸ் கதிரில், அது சுழலச் சுழல இடம் மாறும் ஓர் உட்கவர் கோட்டைக் கண்டார்கள். மேற்பரப்பில் நிற்கும் ஒரு சிறு காந்த வளைவில் புரோட்டான்கள் சுற்றுவதால் அது உண்டாகிறது என்றால், அங்கே புலம் 200 லட்சம் கோடி காஸுக்கு மேல். வாசலில் விளக்கு மங்கல், உள்ளறையில் தீ. கொள்கையைச் சாகடித்ததாக அவர் காட்டும் விண்மீன்தான் அதை ஆழப்படுத்தியது.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

2004 டிசம்பர் 27 அன்று எஸ்ஜிஆர் 1806-20 பெருவெடிப்பு நிகழ்த்தியது. 0.2 நொடியில் அது வெளியிட்ட ஆற்றல், சூரியன் இரண்டரை லட்சம் ஆண்டு வெளியிடுவதற்கு இணை என்று முதலில் சொன்னார்கள். பிறகு விண்மீனின் தொலைவு 50,000 ஒளியாண்டு இல்லை, 30,000-க்கும் சற்றுக் குறைவு என்று மதிப்பிடப்பட்டதும் கணக்கும் இறங்கியது. இன்று ஒரு லட்சம் ஆண்டை ஒட்டி என்று கொள்ளலாம். அதுவே போதுமான பயங்கரம். அவ்வளவு தொலைவிலிருந்து வந்தும் பூமியின் மேல்வளிமண்டலத்தை அது கலக்கியது. நிலவில் பட்டுத் திரும்பிய எதிரொளியைக்கூடக் கருவிகள் பதிவுசெய்தன.

இந்த வெடிப்பையும் டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கட்டுரையாளர் சேர்த்து முடிகிறார். வானில் அப்படி ஏதோ நடந்தது, நிலம் நடுங்கியது, உண்மையான காரணத்தை மறைக்கத்தான் மேக்னெட்டார் என்ற பெயர் வந்தது என்ற தொனியில் எழுதுகிறார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது இதுதான். சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கியது டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 6.28 கடந்த கணத்தில். காமா கதிர் பூமியைத் தொட்டது நம் நேரப்படி டிசம்பர் 28 அதிகாலை 3 மணிக்கு. 44 மணி நேரத்துக்கும் மேலான இடைவெளி. நிலநடுக்கம் முன்னால், கதிர் பின்னால். ஒளியைவிட வேகமாக எதுவும் வந்து நிலத்தை உலுக்கியிருக்க முடியாது. மேக்னெட்டார் என்ற பெயரோ 1992-லேயே வந்துவிட்டது, பேரலைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் மாண்டது இந்தியத் தட்டு பர்மியத் தட்டின் அடியில் சரிந்து நழுவியதால். கடலோரத்தில் எச்சரிக்கை சொல்ல ஓர் அமைப்பு இல்லாததால். அந்தச் சாவுக்கு வானத்து மர்மத்தைக் காரணமாகக் காட்டுவது, மறுமுறை அலை வரும்போது கரையில் நிற்கும் பிள்ளையின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம். இந்தப் பத்தியை அவர் திரும்பப் பெற வேண்டும். மற்றவை அறிவியல் தகராறுகள். இது அப்படியில்லை.

இனி நடுத்தூண். பிறப்பு தெரியவில்லை என்பது.

ஏறத்தாழ எட்டுச் சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீன் எரிபொருள் தீர்ந்து, அதன் இரும்பு உள்ளகம் சந்திரசேகர் கண்ட அந்த எல்லையை எட்டியதும், தன் எடையைத் தாங்க முடியாமல் இடிந்து விழுகிறது. பூமியளவு இருந்த உள்ளகம் சுமார் 12 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாகிவிடுகிறது. இத்தனையிலும் யாருக்கும் ஐயமில்லை. அந்த உருண்டைக்கு இவ்வளவு காந்தம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வழக்கு. நம் ஊர்ப் பத்திர மொழியில் சொன்னால், பூர்வீகச் சொத்தா, சுயசம்பாத்தியமா?

சுயசம்பாத்தியம் என்றவர்கள் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்சனும். 1992-இல் அவர்கள் எழுதியது இது. பிறந்த நியூட்ரான் விண்மீன் முதல் சில நொடிகள் உலையரிசிபோல் கொதித்துப் புரள்கிறது. அப்போது அது நொடிக்குச் சில நூறு முறை அல்லது அதற்கு மேல் சுழன்றால், சுழற்சியும் கொதிப்பும் சேர்ந்து டைனமோவாகி, இருக்கும் சிறு புலத்தை முறுக்கி முறுக்கி ஆயிரம் மடங்கு பெருக்கிவிடும். விண்மீன் மெதுவாகச் சுழன்று பிறந்தால் டைனமோ பற்றாது. சாதாரணப் பல்சார்தான் கிடைக்கும்.

அழகான கருத்து. இதற்கு ஒரு விலை உண்டு. நொடிக்கு ஆயிரம் முறை சுழலும் நியூட்ரான் விண்மீனில் அடங்கிய ஆற்றல் ஒரு சாதாரண சூப்பர்நோவா வெடிப்பின் ஆற்றலைப்போல் சுமார் 30 மடங்கு. வலிய காந்தம் அந்தச் சுழற்சியைச் சீக்கிரமே பிடித்து நிறுத்தும். அந்த ஆற்றல் முழுவதும் வெடித்துச் சிதறும் பொருளுக்குள் கொட்டப்படும். அப்படியானால் மேக்னெட்டார் இருக்கும் எச்சங்கள் மற்றவற்றைவிட வெறித்தனமாக விரிந்திருக்க வேண்டும். ஜாக்கோ விங்க், லூசியன் கய்ப்பர் இருவரும் 2006-இல் கெஸ் 73, சிடிபி 109, என்49 ஆகிய மூன்று எச்சங்களை அளந்து பார்த்தார்கள். மூன்றும் சாதாரணம். ஆரம்பச் சுழற்சி அத்தனை வேகமாக இருந்திருக்க முடியாது என்றார்கள்.

இன்னொரு சோதனையும் நடந்தது. டங்கனும் தாம்சனும் மேக்னெட்டார்கள் பிறக்கும்போதே நொடிக்கு 1,000 கி.மீ. வேகத்தில் எறியப்படலாம் என்று எதிர்பார்த்திருந்தார்கள். ஸ்ரீஹர்ஷ் தெண்டுல்கர், பிரையன் கேமரன், ஸ்ரீநிவாஸ் குல்கர்னி மூவரும் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் ஆண்டுக்கணக்காகப் படமெடுத்து, எஸ்ஜிஆர் 1806-20 நொடிக்குச் சுமார் 350 கி.மீ., எஸ்ஜிஆர் 1900+14 சுமார் 130 கி.மீ. வேகத்தில்தான் நகர்கின்றன என்று 2012-இல் காட்டினார்கள். மற்ற பல்சார்களைவிட இவை வேகமானவை இல்லை.

பூர்வீகச் சொத்து என்பவர்களின் பக்கம் பாருங்கள். விண்மீன் சுருங்கும்போது காந்தப்புலக் கோடுகள் அதோடு சேர்ந்து நெருக்கப்படுகின்றன. ஆரம் பத்தில் ஒன்றானால் புலம் நூறு மடங்கு. 2023-இல் டோமர் ஷெனார் குழு எச்டி 45166 என்ற ஹீலிய விண்மீனில் 43,000 காஸ் காந்தப்புலம் இருப்பதை அளந்தது. இரண்டு சூரிய நிறை. சூரியனைவிடச் சற்றுச் சிறியது. ஆரம் 6 லட்சம் கி.மீ. என்று வைத்துக்கொண்டு 12 கி.மீ.க்குச் சுருக்கினால் 50,000 மடங்கு. அதன் வர்க்கம் 250 கோடி. 43,000-ஆல் பெருக்கினால் 100 லட்சம் கோடி காஸைத் தாண்டுகிறது. அதாவது மேக்னெட்டார். உண்மையில் சரிவது உள்ளகம் மட்டும் என்பதால் இது கரடுமுரடான கணக்குதான், ஆனாலும் என் மாணவி பேருந்தில் உட்கார்ந்தே போட்டுவிட்ட கணக்கு. இரண்டு விண்மீன்கள் ஒன்றோடொன்று கலந்து அது உருவாகியிருக்கலாம் என்கிறார்கள். இது முடிவான விடையா என்றால் இல்லை. இத்தகைய காந்த விண்மீன்கள் தேவையான எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்பது இன்னும் தீராத கேள்வி, ஏனென்றால் பிறக்கும் நியூட்ரான் விண்மீன்களில் பத்தில் ஒன்றுக்குக் குறையாமல் மேக்னெட்டார்களாக இருக்கக்கூடும்.

தாயின் எடையும் ஒரு சிக்கல். வெஸ்டர்லண்டு 1 என்ற இளம் விண்மீன் கூட்டத்துக்குள் ஒரு மேக்னெட்டார் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் வயதை வைத்துப் பார்த்தால் அதன் தாய் 40 சூரிய நிறைக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு கனத்த விண்மீன் கருந்துளையாகாமல் ஏன் நியூட்ரான் விண்மீனாக நின்றது? துணை விண்மீன் ஒன்று அதன் மேலாடையை உருவிக்கொண்டு எடையைக் குறைத்திருக்கலாம் என்றும், அந்தத் துணை இப்போது கூட்டத்தைவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்றும் சைமன் கிளார்க் குழு 2014-இல் ஒரு விண்மீனைச் சுட்டிக்காட்டியது. மறுபுறம் எஸ்ஜிஆர் 1900+14-இன் தாய்க்கு 17 சூரிய நிறைதான். ஆக, கனத்த தாய் வேண்டும் என்ற நிபந்தனையும் நிற்கவில்லை. பிறப்புக்கு ஒரே வழிதான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தார்கள்?

இத்தனை இடைஞ்சல்களையும் தேடிக் கண்டுபிடித்து, அளந்து, தம் பெயர் போட்டு வெளியிட்டவர்கள் யார்? மேக்னெட்டார் உண்டு என்று சொல்பவர்களே. டைனமோவுக்கு எதிரான சான்றைத் தேடி ஹவாயில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். கட்டுரையாளர் தம் கையில் ஏந்தும் ஒவ்வொரு கல்லும் அவர்கள் வெட்டிக் கொடுத்தது. அதை எடுத்து அவர்கள் மேலேயே எறிந்துவிட்டு, அவர்கள் மறைக்கிறார்கள் என்று எழுதுகிறார்.

பிறந்த பிறகு என்ன ஆகிறது என்பதை அவர் தொடவே இல்லை. ஆனால் வலிமையான சான்று அங்கேதான் கிடக்கிறது. உள்ளே முறுக்கிக்கிடக்கும் புலம் அடங்கிக் கிடப்பதில்லை. இறுகிய மேலோட்டில் எலக்ட்ரான்களின் ஓட்டம் புலக்கோடுகளை இழுத்துக்கொண்டே போகிறது. ஹால் நகர்வு என்று அதற்குப் பெயர். புலம் சிறு சிறு சுருள்களாகி, மின்தடையில் கரைந்து, வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைத்தான் எக்ஸ் கதிராகப் பார்க்கிறோம். சில வேளை முறுக்கு தாங்காமல் மேலோடு இளகி அல்லது பிளந்து வெடிப்பு நிகழ்கிறது. முறுக்கு வெளியேறும்போது விண்மீனுக்கு வெளியே உள்ள புலமும் திருகிக்கொள்ளும், சுழற்சி இன்னும் வேகமாக மந்தமாகும், எக்ஸ் கதிர் கடினமாகும் என்று 2002-இல் தாம்சன், லியூட்டிகாவ், குல்கர்னி எழுதினார்கள். அது எழுதப்பட்டு இரண்டே ஆண்டில் எஸ்ஜிஆர் 1806-20 அதைச் செய்துகாட்டியது. 1996-இல் 7.47 நொடியாக இருந்த சுழற்சி 2004 பெருவெடிப்பின் வாலில் 7.56 நொடி. ஆண்டுக்கு 2.6 மில்லிநொடி வீதம் என்றால் 7.49-தான் வந்திருக்க வேண்டும். இடையில் தடை பல மடங்கு கூடியிருக்கிறது. எக்ஸ் கதிரும் வெடிப்புக்கு முந்தைய ஆண்டுகளில் கடினமாகிக்கொண்டே வந்தது.

புலம் கரையக் கரையச் சுழற்சியைப் பிடிக்கும் கையும் தளர்கிறது. அதனால்தான் மேக்னெட்டார்களின் சுழற்சி பெரும்பாலும் 2-லிருந்து 12 நொடிக்குள் அடங்கிவிடுகிறது. சில பத்தாயிரம் ஆண்டுகளில் அவை அமைதியாகின்றன. மேலோட்டின் அடியில் அணுக்கருக்கள் ஒழுங்கற்றுக் குழைந்து கிடக்கும் அடுக்கு மின்தடையைக் கூட்டி இந்த எல்லையை வகுக்கிறது என்று 2013-இல் ஹோசே போன்ஸ், டானியேலே விகனோ, நந்தா ரெயா மூவரும் காட்டினார்கள்.

கட்டுரையாளருக்கு உண்மையாகவே ஓர் ஆயுதம் வேண்டுமென்றால் நானே எடுத்துத் தருகிறேன். ஆர்சிடபிள்யூ 103 என்ற சூப்பர்நோவா எச்சத்தின் நடுவில் ஒரு விண்மீன் இருக்கிறது. 2016 ஜூனில் அது மேக்னெட்டார்போலவே வெடித்தது. அதன் துடிப்பு 12 நொடி இல்லை, 6.67 மணி நேரம். வயதோ சில ஆயிரம் ஆண்டு. அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு மந்தமாக எப்படி ஆனது? பிறந்த புதிதில் திரும்பி விழுந்த பொருளின் வட்டு அதைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. அதாவது அவர் ஆசைப்படும் அந்த வட்டுக்கு இங்கே மெய்யான வேலை இருக்கலாம், காந்தத்துக்கு மாற்றாக இல்லை, காந்தத்தோடு சேர்ந்து. இது இன்றும் திறந்து கிடக்கும் கேள்வி. இதைப் பற்றி எழுதியிருந்தால் நான் நன்றியோடு படித்திருப்பேன்.

என் மாணவிக்கு நான் சொன்ன பதிலையே கட்டுரையாளருக்கும் சொல்கிறேன். மறுப்பு எழுதுங்கள். ஆனால் எஸ்ஜிஆர் 1806-20 ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 7.47 ஏன் எட்டே ஆண்டில் 7.56 ஆனது, வரவைப்போல் பத்து மடங்கு செலவுக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது, 0.2 நொடியில் ஒரு லட்சம் ஆண்டுச் சூரியன் எப்படி வெளிப்பட்டது என்ற மூன்றையும் காந்தப்புலம் இல்லாமல் ஒரே கணக்கில் விளக்கிக் காட்டுங்கள். தாளில், எண்களோடு. அதுவரை நீங்கள் எழுதியதை வகுப்பில் வரி வரியாக எடுத்து வைத்து, எங்கே தவறு என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன். முதல் வரியை அவள் ஏற்கனவே அடிக்கோடிட்டுவிட்டாள்.